கோபக்காரர்களுக்கு மட்டும்

எங்கள் ஊரில் யாருக்கும் வயதாவதில்லை. தொண்ணூறைத் தாண்டியவரிடம் கேட்டாலும், "வயசானவங்களா? அந்தப் பக்கம் இருப்பாங்க, பாருங்க" என்று கை காட்டுவார். அந்தப் பக்கம் போனால், அங்கிருப்பவர் இந்தப் பக்கம் கை காட்டுவார்.

இதில் மாட்டிக்கொண்டு விழித்தவர் எங்கள் நூலகர் அம்மாள். மேலிடம் அவருடைய வாசகசாலைக்கு மெத்தை நாற்காலிகள் அனுப்பியிருந்தது. கூடவே 'முதியோருக்கு மட்டும்' என்று ஒரு பலகை. நாற்காலிகள் காலியாகவே கிடந்தால் வெள்ளிக்கிழமை மேலதிகாரி வந்து வேறு ஊருக்கு ஏற்றிக்கொண்டு போய்விடுவார்.

அதைவிடப் பெரிய கவலை அவருடைய மாமனார். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர். காலை முழுக்க அங்கே நின்றபடியே பேப்பர் படிப்பார். முழங்கால் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. இன்னும் இப்படி நின்றால் கத்தி வைக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"மாமா, உக்காருங்க."

"முதியோர் யாராவது வருவாங்கம்மா. பாவம், அவங்க எடத்த நாம புடிக்கலாமா?"

நூலகர் பலகையை மாற்றினார். 'பெரியவர்களுக்கு மட்டும்.'

"பெரியவர்னா பதவில இருக்கறவங்கம்மா. நான் வெறும் டிரைவர்."

'அனுபவசாலிகளுக்கு மட்டும்' என்று எழுதினார். மறுநாள் மீசைகூடச் சரியாக முளைக்காத கூட்டம் ஒன்று வந்து கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தது.

"உங்களுக்கு என்னப்பா அனுபவம்?"

"மூணு தடவ காதல் தோல்வி மேடம். போதாதா?"

அவர்களை விரட்டிவிட்டு, 'பொறுமைசாலிகளுக்கு மட்டும்' என்று எழுதினார். அன்றுதான் ஊரே திரண்டது. "நீங்க உக்காருங்க." "ஐயையோ, நீங்க உக்காருங்க, எனக்கென்ன அவசரம்?" என்று பொறுமைசாலிகள் ஒருவரை ஒருவர் உபசரித்தபடி சாயங்காலம்வரை நின்றார்கள். நாற்காலிகள் காலி. நெரிசலில் மாமனார் வாசல் வெயிலுக்குத் தள்ளப்பட்டு, அங்கேயும் நின்றுகொண்டே படித்தார்.

நூலகருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வந்த வேகத்தில் சுண்ணாம்புக்கட்டி உடைய உடைய எழுதினார்: 'கோபக்காரர்களுக்கு மட்டும்.'

வெள்ளிக்கிழமை காலை மாமனார் வந்தார். பலகையைப் படித்தார். தொண்டையைக் கனைத்தார்.

"எனக்குக் கோபம் வந்தா பஸ்ஸ நடுரோட்டுல நிறுத்திட்டு எறங்கிப் போயிருவேன், தெரியுமா?" என்று பொதுவாக அறிவித்துவிட்டு உட்கார்ந்தார்.

அவர் பின்னாலேயே ஓய்வுபெற்ற தபால்காரர், தையல்காரர், கணக்கு வாத்தியார் எல்லோரும் வந்தார்கள். "என் கோபம் பத்தி எங்க வீட்டுல கேட்டுப் பாருங்க" என்று ஆளுக்கொரு நாற்காலியில் அமர்ந்தார்கள். ஒன்றே ஒன்று மிஞ்சியது.

மேலதிகாரி வந்தார். ஓய்வுபெற இன்னும் சில மாதங்களே இருந்த மனிதர். நூலகர் பதறி எழுந்தார். நாற்காலிக்காரர்கள் ஒருவரும் அசையவில்லை. முறைத்தார்கள்.

"யாரும்மா இவங்க? மரியாதைக்குக்கூட எந்திரிக்க மாட்டேங்கறாங்க?"

"கோபக்காரங்க சார்."

"முதியோருக்குன்னு குடுத்தா, கோபக்காரங்களா? முறைச்சாலும் எல்லாரும் பசு மாதிரி இருக்காங்க. நான் நம்ப மாட்டேன். இந்த நாற்காலிங்கள நான் எடுத்துட்டுப் போறேன்" என்றவர், பேசிய களைப்பில் மிஞ்சிய நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"லாரிய வரச் சொல்லுங்க" என்று எழப் பார்த்தார். மெத்தை விடவில்லை. கைப்பிடியை அழுத்தி மறுபடி முயன்றார். இடுப்பு கிளம்பியது, முழங்கால் வரவில்லை.

பக்கத்து நாற்காலியிலிருந்து மாமனார் மெதுவாகச் சாய்ந்தார்.

"விடுங்க தம்பி. நாங்களும் உக்காந்தா எந்திரிக்க முடியாதவங்கதான். முதியோர்னு போர்டு போட்டிருந்தா, பாவம் எந்திரிக்க முடியலம்பாங்க. அதுக்கு நின்னே சாவலாம். கோபக்காரர்னு போட்டிருந்தா, பாரு, எந்திரிக்க மாட்டேங்கறார்ம்பாங்க. கெத்தா இருக்குல்ல?"

அதிகாரி பலகையை இன்னொரு முறை படித்தார். பிறகு முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டார்.

"மேடம், லாரி வேணாம். ஒரு தச்சரக் கூப்பிட்டு எல்லா நாற்காலிக்கும் அடில கட்டை வெச்சு ஒசத்தச் சொல்லுங்க. நீங்க சொன்னது அத்தனையும் நெசம். எனக்கே பயங்கரக் கோபமா இருக்கு."