தெய்வானையிடமிருந்து தொற்றியது

"டமார்!"

பித்தளைக் குடம் ஒன்று வாசற்படியில் விழுந்து உருண்டது. அதன் பின்னாலேயே தனலெட்சுமியின் குரல் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸின் கடைசி வீடு வரைக்கும் போயிற்று.

"ஐயையோ! என் பொண்ணுக்கும் வந்திருச்சே!"

குழம்பு தாளித்துக்கொண்டிருந்த நல்லம்மாள் கரண்டியோடு ஓடி வந்தாள். அடுத்த வீட்டு வாசலில், ஐந்து வயதுச் சந்திரகலா குடத்துத் தண்ணீரில் நனைந்து நின்றுகொண்டிருந்தாள். தாயைப் பார்த்தாள். உள்ளங்கையால் நெற்றியில் சப்பென்று ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

"பாத்தியா? பாத்தியா? காலையிலேருந்து இதேதான்! ஏண்டி இப்படிப் பண்றேன்னு கேட்டா, 'உன்னைத்தாம்மா'ங்கறா! பெத்தவளைப் பாத்து நெத்தியில அடிச்சுக்கிற அளவுக்கு நான் என்ன பண்ணிட்டேன்?"

"சின்னப் புள்ளதானே அக்கா, ஏதோ விளையாட்டு..."

"விளையாட்டா? இராஜம்மா புள்ளைங்க ரெண்டுக்கும் இருக்கு. பின் வீட்டுப் பொடியன் பக்கிரிசாமிக்கு இருக்கு. இப்ப என் வீட்டுக்குள்ளேயும் நுழைஞ்சிருச்சு. இது யாருகிட்டேருந்து ஒட்டுச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

அந்தப் பேச்சு எங்கே போய் முட்டும் என்று நல்லம்மாளுக்கும் தெரியும். அவளுடைய மகள் தெய்வானை ரொம்ப நாளாகவே அப்படி நெற்றியில் தட்டிக்கொள்கிறவள். தட்டும்போதெல்லாம் நல்லம்மாள் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிடுவாள். இறக்க இறக்க அது மேலே ஏறும்.

தெய்வானைக்கு ஆறு வயது. பிறவியிலேயே காது கேளாது. அதனால் பேச்சும் வரவில்லை. நல்லம்மாளுக்கு நகை ஆசை கிடையாது, புடவை ஆசை கிடையாது. அந்த வாயிலிருந்து ஒரே ஒரு தடவை 'அம்மா' என்று கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். தெருவில் எந்தப் பிள்ளை 'அம்மா' என்று கூப்பிட்டாலும் அவள் திரும்பிப் பார்ப்பாள். பார்த்துவிட்டு, யாராவது கவனித்தார்களோ என்று வெட்கப்பட்டு, குழாயைத் திருகித் தண்ணீர் பிடிக்கத் தொடங்குவாள்.

போன மாதம்தான் கொஞ்சம் விடிவு வந்தது. தமிழ்ப் பள்ளிக்கூடத்துக் குணேஸ்வரி டீச்சர் தெய்வானையை முதல் வகுப்பில் முன் பலகையில் உட்கார வைத்தார். அதுவரை வீட்டு மூலையில் தனியாக உட்கார்ந்து புளியங்கொட்டை அடுக்கிக்கொண்டிருந்த குழந்தையைத் தேடி, இப்போது காலையில் ஒரு படையே வாசலுக்கு வருகிறது. அந்தப் படைக்கு இப்போது நெற்றித் தட்டு நோய் வந்துவிட்டது.

"என் தலையெழுத்து!" என்று நல்லம்மாள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் அவளே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தாள். தெய்வானையைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. நாலு நாள் கண்ணில் படாமல் இருந்தால் எல்லாம் அடங்கிப்போகும் என்று கணக்கு.

அன்று சாயங்காலம் அவள் வீட்டு ஜன்னலில் ஈ மொய்த்தாற்போல் பிள்ளைகள். உள்ளேயிருந்து தெய்வானை கையை ஆட்ட, வெளியேயிருந்து அவர்கள் ஆட்ட, ஒரு சத்தமில்லை, ஆனால் அப்படியொரு சிரிப்பு! வேடிக்கை பார்க்க வந்த பின் வரிசைப் பிள்ளைகளும் அதைக் கற்றுக்கொண்டு போனார்கள். இருட்டுவதற்குள் நோய் பின் வரிசைக்கும் பரவிவிட்டது.

வேலை முடிந்து வந்த அவள் புருஷன் கன்னையா நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டுச் சட்டையைக் கழற்றினான். ரயில்வே யார்டில் வண்டி கோர்க்கிற வேலை அவனுக்கு.

"அட, போ நல்லம்மா. எஞ்சின் சத்தத்துல நானும்தான் நாள் பூரா கையை ஆட்டிப் பேசுறேன். கையை இப்படிப் பண்ணா டிரைவர் பின்னால வர்றான். அப்படிப் பண்ணா நிக்கிறான். எனக்கு என்ன நோயா?"

"உங்களுக்கு எல்லாம் சிரிப்புத்தான்! அவளை மறுபடி மூலையில உக்கார வெச்சிட்டா என்ன பண்றது?"

"டீச்சரம்மாவைக் கேளு. படிச்சவங்க."

நல்லம்மாள் கேட்டாள். அதுதான் அவள் செய்த இரண்டாவது தப்பு. தனலெட்சுமியையும் இராஜம்மாவையும் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

குணேஸ்வரி டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே தன் யாழ்ப்பாணத் தமிழில் பளிச்சென்று சொன்னார்: "ஓமோம், எல்லாம் தெய்வானையிட்டை இருந்து வந்ததுதான்! பிள்ளையள் கெதியாப் பிடிச்சிட்டினம். ஒருத்தி காதாலை படிப்பாள், ஒருத்தி கண்ணாலை படிப்பாள், ஒருத்தன் கையாலை படிப்பான். நல்ல விசயம்தானே, ஏன் அழுறீங்கள்?"

முதல் வாக்கியத்துக்குப் பிறகு யார் கேட்டார்கள்? "டீச்சரே சொல்லிட்டாங்க!" என்று தனலெட்சுமி வாசலுக்கு ஓடினாள். அதற்குள் மணி அடித்துவிட, டீச்சரும் வகுப்புக்குள் போய்விட்டார்.

அடுத்து வந்தவர் ரயில்வே ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர் தம்புசாமி. நல்லம்மாள்தான் கையைக் காலைப் பிடித்து அழைத்து வந்தாள். அவருக்குத் தெரிந்த மருந்து இரண்டு. ஒன்று காய்ச்சலுக்குக் கொய்னா, மற்றது விளக்கெண்ணெய். காய்ச்சல் இல்லாததால் விளக்கெண்ணெய் என்று முடிவாயிற்று. குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, மூக்கைப் பிடித்து, ஆளுக்கு ஒரு கரண்டி ஊற்றினார். அன்று முழுவதும் அந்த வரிசைக் கக்கூஸ்களில் கதவு சாத்தும் சத்தம் ஓயவில்லை.

மறுநாள் காலை, தம்புசாமி சைக்கிளில் அந்தப் பக்கம் வந்தார். அவரைக் கண்டதும் தெய்வானை வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். உடனே அத்தனை பிள்ளைகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்கள்.

சைக்கிள் சாக்கடையில் இறங்கிவிட்டது.

"எல்லாத்துக்கும் வயித்து வலியா? யம்மா, காலராவா இருந்தா குவார்ட்டர்ஸையே அடைச்சிருவாங்க! யாரையும் வெளிய விடாதீங்க!" என்று கத்திக்கொண்டே அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடினார். பிள்ளைகள் நிமிர்ந்து, அவர் போன திசையைப் பார்த்து மறுபடியும் மகிழ்ச்சியோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

மத்தியானம் பெரிய டாக்டரே வந்து பார்த்து, ஒரு நோயும் இல்லை என்று திட்டிவிட்டுப் போனார். தாய்மார்கள் எல்லோரும் நல்லம்மாள் வாசலில் கூடினார்கள்.

"இந்தா நல்லம்மா, நேராவே சொல்றேன்," என்றாள் தனலெட்சுமி. "ஒண்ணு உன் மக ஸ்கூலுக்கு வரணும், இல்லாட்டி எங்க புள்ளைங்க வரணும்."

"அக்கா, அவளுக்கு வேற என்ன இருக்கு? இப்பத்தான் நாலு பேரோட சிரிக்கிறா. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பத்துமலைக்குப் போயிட்டு வந்துருவோம். முருகன் சன்னதியிலயும் இது நிக்கலேன்னா நானே அவளை நிறுத்திடுறேன்."

முருகன் பேரைச் சொன்ன பிறகு யாராலும் மறுக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை பத்துமலை ரயிலில் ஒரு பெட்டி முழுக்க இவர்கள்தான். தாய்மார்கள் முகம் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு பக்கம். பிள்ளைகள் மறுபக்கம் கையாலேயே பேசி, கையாலேயே சண்டை போட்டு, கையாலேயே சமாதானமாகி வந்தார்கள். யாருடைய பக்கத்தில் தெய்வானை உட்காருவது என்றுதான் சண்டை. நல்லம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். எத்தனை ஆசையாக அந்தக் குழந்தையின் விரல்கள் ஓடுகின்றன! அதில் ஒன்றாவது தனக்குப் புரியாதா என்று இருந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

மரப்படி ஏறி, குகைக்குள் போய், தீபாராதனையும் ஆயிற்று. தனலெட்சுமி பிள்ளைகளைச் சன்னதிக்கு முன்னால் நிறுத்தினாள்.

"சாமி பாத்துக்கிட்டிருக்கு. இப்ப ஒழுங்கா எல்லாரும் அவங்கவங்க அம்மாவைக் கூப்பிடுங்க பாப்போம்!"

பிள்ளைகள் வாயைத் திறக்கப் போனார்கள். தெய்வானை ஒன்றும் விளங்காமல் சுற்றுமுற்றும் பார்த்தாள். சந்திரகலா அவள் தோளைத் தட்டி, கையால் என்னவோ சொன்னாள். தெய்வானையின் முகம் மலர்ந்தது. அவ்வளவுதான். எல்லாப் பிள்ளைகளும் திறந்த வாயை மூடிக்கொண்டார்கள். அவளோடு சேர்ந்து தாய்மார்கள் பக்கம் திரும்பினார்கள்.

சப்!

குகை முழுக்க எதிரொலித்தது. பூசாரி, பிள்ளைகளுக்கு அருள் வந்துவிட்டது என்று நினைத்து, தட்டிலிருந்த விபூதியை அள்ளி எல்லார் தலையிலும் கொட்டினார்.

"முடிஞ்சுது!" என்றாள் தனலெட்சுமி. "சாமிக்கு முன்னாடியே பெத்தவளைக் கேலி பண்ணுதுங்க! நாளையிலேருந்து உன் மக வீட்டோட இருக்கட்டும்."

நல்லம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே நடந்தாள். குகை வாசலில் மேல்படியில் போய் உட்கார்ந்தாள். தெய்வானை விபூதித் தலையோடு பின்னாலேயே வந்து எதிரில் நின்றாள்.

"ஏண்டி என்னை இப்படிச் சோதிக்கிற? ஊரு உலகத்துல எல்லாப் புள்ளையும் அம்மாங்குது. எனக்கு அந்த ஒரு சொல்லுக்குக்கூடக் கொடுத்து வைக்கலியே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

தெய்வானை தாயின் முகத்தையே பார்த்தாள். மெதுவாகத் தன் உள்ளங்கையைத் தூக்கி நெற்றியில் தட்டினாள். பதில் வராததால் இன்னொரு முறை தட்டினாள்.

அத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது நல்லம்மாளுக்கு அப்போது மீறிவிட்டது. மகளை அடிக்கக் கை ஓங்கினாள்.

ஓங்கிய கையில் தொங்கிக்கொண்டு சந்திரகலா அலறினாள்:

"அடிக்காதீங்க அத்தே! அவ உங்களை அம்மான்னு கூப்பிடுறா. அவளைப் பாத்தா நீங்க எப்பவும் தலையில அடிச்சுக்குவீங்கல்ல, அதான் அம்மான்னு அவதான் எங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்தா!"