டெஸ் ஏன் உடனே சரி என்றான்?

"சரி" என்றான் டெஸ். சொல்லிவிட்டு ரொட்டியில் வெஜிமைட் தடவ ஆரம்பித்துவிட்டான்.

ரோண்டாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தச் சண்டைக்காக அவள் எத்தனை நாளாகத் தயாராகியிருந்தாள்! அழ வேண்டிய இடம், கதவை அறைந்து சாத்த வேண்டிய இடம், "நான் வேணுமா, சைக்கிள் வேணுமா" என்று கேட்க வேண்டிய இடம், எல்லாவற்றையும் காரில் தனியாகப் போகும்போது சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தாள். ஜீலாங்கில் இருக்கும் அக்காவிடம், கோபித்துக்கொண்டு வந்தால் தங்க ஓர் அறை தயாராக இருக்கட்டும் என்றுகூடச் சொல்லி வைத்திருந்தாள்.

"டெஸ், நான் சொன்னது காதுல விழுந்துச்சா? இனிமே ஆபீசுக்குச் சைக்கிள்ல போகக்கூடாதுன்னு சொன்னேன்."

"விழுந்துச்சே. அதான் சரின்னேன்."

"எப்பலேர்ந்து?"

"இன்னிக்கேன்னாலும் சரி. அந்த வெண்ணெயைக் கொஞ்சம் தள்ளு."

ஆரம்பித்து வைத்தவளே ரோண்டாதான். பதினோரு வருஷத்துக்கு முன்னால், டெஸ்ஸுக்குச் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் சொன்ன வாரமே ஒரு சைக்கிளை வாங்கி வாசலில் நிறுத்தினாள். வீடு இருக்கும் பிரெஸ்டனிலிருந்து மெல்பர்ன் நகரத்தின் மையத்துக்குச் சைக்கிளில் போய்த் திரும்புவதென்றால் சும்மாவா? அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. கிளப்பில் யாராவது தெரியாத்தனமாக டெஸ் எப்படி இருக்கிறான் என்று கேட்டுவிட்டால் போதும். "மழையா இருந்தாலும் ரயில் ஏற மாட்டான். இத்தனை வருஷத்துல ஒரு பஞ்சர் கிடையாது" என்று ஆரம்பித்துவிடுவாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் விளக்கு, கையுறை, தொந்தியை இறுக்கிப் பிடிக்கும் மஞ்சள் சட்டை என்று ஏதாவது வாங்கிக் கொடுப்பாள்.

அந்தப் பெருமை போன மாதம் வரைக்கும்தான். டிராமில் உட்கார்ந்திருந்தவள் கண்ணெதிரே, நிறுத்தியிருந்த காரின் கதவை யாரோ சட்டென்று திறக்க, ஒரு சைக்கிள்காரன் அதில் மோதித் தரையில் விழுந்தான். அவன் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டு போய்விட்டான். ரோண்டாவுக்குத்தான் அன்றிலிருந்து தூக்கம் போனது. மகள் பெர்த்தில் இருக்கிறாள். வீட்டில் இருப்பது இவர்கள் இரண்டே பேர். சாயங்காலம் டெஸ் உள்ளே நுழையும் சத்தம் கேட்கும்வரை அவள் உயிர் அவளிடம் இருக்காது.

இப்போது அவன் விட்டுவிட்டான். நிம்மதியாகத்தானே இருக்க வேண்டும்? இல்லை. இத்தனை சுலபமாக எந்த ஆம்பிளை எதை விட்டிருக்கிறான்?

பக்கத்து வீட்டு வூலாவிடம் போய்ச் சொன்னாள். வூலா கிரேக்கக்காரி. நல்ல செய்தியில் ஓட்டை கண்டுபிடிப்பதில் அந்தத் தெருவில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

"சரின்னுட்டானா? உடனேயா?" வூலா எலுமிச்சம்பழக் கூடையைக் கீழே வைத்தாள். "அடியே, என் வீட்டுக்காரர் சிகரெட்டை விடறேன்னு இப்படித்தான் பல்லைக் காட்டிக்கிட்டே சொன்னார். அப்புறம் கோழிக்கூண்டுலேர்ந்து புகை வந்துச்சு."

"டெஸ் அப்படியில்ல."

"யாரு புருஷன்தான் அப்படி? முதல்ல சைக்கிளைப் பூட்டு."

ரோண்டா தடிமனான சங்கிலியாக ஒன்று வாங்கி, கொட்டகையில் சைக்கிளைக் கட்டிப் பூட்டினாள். சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். டெஸ் கோபப்படுவான், குறைந்தது முகமாவது சுளிப்பான் என்று எதிர்பார்த்தாள்.

"நல்ல வேலை பண்ணினே" என்றான் டெஸ். "எவனாவது திருடிட்டுப் போயிடுவான்."

சந்தேகம் இரண்டு மடங்கானது.

சரி, ஆசை காட்டிப் பார்ப்போம் என்று மறுநாள் பூட்டைத் திறந்தாள். டயருக்குக் காற்றடித்து, துடைத்துப் பளபளவென்று ஆக்கி, சைக்கிளை நடைபாதையின் குறுக்கே நிறுத்திவிட்டு சமையலறைத் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். டெஸ் வந்தான். சைக்கிளைச் சுற்றிக்கொண்டு போனான். சுற்றும்போது சட்டையில் பட்டுவிடாமல் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டான். ஒரு தடவை திரும்பிப் பார்க்க வேண்டுமே! பதினோரு வருஷப் பழக்கம் அய்யா, குப்பைத் தொட்டிக்குக் கொடுக்கிற மரியாதையைக்கூட அவன் அதற்குக் கொடுக்கவில்லை.

"ரொம்பச் சரி" என்றாள் வூலா. "இன்னொண்ணு வெச்சிருக்கான்."

"எதை?"

"சைக்கிளைத்தான். வேற எங்கயோ நிறுத்தியிருக்கான்."

சின்ன வீடு வைத்துக்கொண்டவர்களைப் பற்றி ரோண்டா கேள்விப்பட்டிருக்கிறாள். சின்ன சைக்கிள் என்பது புதிதாக இருந்தது. ஆனால் யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தி வந்தது. ரயிலில் போகிறவன் எதற்காக சைக்கிளில் போன காலத்துக்கும் முன்னதாக வீட்டை விட்டுக் கிளம்புகிறான்? ஸ்டேஷன் தெருவின் வலப்பக்கம் இருக்க, இவன் இடப்பக்கம் ஓடையைப் பார்க்க எதற்காக நடக்கிறான்? கேட்டுப் பார்த்தாள்.

"சும்மா ஒரு நடை" என்றான் டெஸ். "சர்க்கரைக்கு நல்லது."

அந்த வாரமே காதில் பிளாஸ்திரியோடு வந்து நின்றான்.

"என்ன இது?"

"மேக்பை கொத்திடுச்சு."

ரோண்டா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். செப்டம்பர் பிறந்தால் மேக்பைப் பறவைகள் கூட்டுக்குக் காவல் நிற்கும் என்பதும், அவற்றுக்குச் சைக்கிள்காரன் தலை என்றால் தனிப் பிரியம் என்பதும் மெல்பர்னில் எல்லோருக்கும் தெரியும். அவை கிட்டே வராதபடி, வருஷா வருஷம் டெஸ்ஸின் ஹெல்மெட்டில் பிளாஸ்டிக் கேபிள் டைகளை முள்ளு முள்ளாகச் செருகிக் கொடுத்தவள் அவள்தான். அந்த ஹெல்மெட் கொட்டகையில் ஆணியில் தொங்குகிறது. இவன் வெறுந்தலையோடு எங்கோ ஓட்டிக்கொண்டிருக்கிறான்!

"நடந்து போறவனை அது கொத்துமா?"

"அதுகிட்ட போய்க் கேளு" என்றான் டெஸ்.

அன்று அவன் கழுத்து டையைத் துவைக்க எடுத்தபோது அதில் எள்ளு ஒட்டியிருந்தது. வேலிக்கு மேலாக நீட்டிக் காட்டினாள். வூலா கண்ணை மூடி மோந்தாள்.

"கீரை. எலுமிச்சை. சூடான அடுப்பு." கண்ணைத் திறந்தாள். "ரோண்டா, இது கடைச் சாப்பாடு இல்ல. எவளோ மாவு பிசைஞ்சு போடறா. அந்த சைக்கிள் அவ வீட்டுலதான் நிக்குது."

ரோண்டாவுக்கு முதன்முறையாக அழுகை வந்தது. ஒத்திகை பார்த்த அழுகை அல்ல. தினமும் காலையில் அவனுக்கு ஓட்ஸ் கஞ்சி வைத்துக் கொடுக்கிறாள். சர்க்கரை போடாமல், உப்புப் போடாமல், அன்பை மட்டும் போட்டு. அதைப் பாதியில் வைத்துவிட்டு அவன் இன்னொருத்தி கையால் சாப்பிடுகிறானா?

"நாளைக்குப் பின்னாலயே போகப் போறேன்" என்றாள்.

"எதுல போவே? ஓடைப் பாதையில கார் போகாது."

"சைக்கிள்ல."

"நீயா? சைக்கிள்ல போனா செத்துப் போவான்னு சொல்லி அவனை நிறுத்தினது நீதானடி?"

"ஆமா. அவன் உயிரோட இருக்கணும். அப்பதான் நான் கொல்ல முடியும்."

மறுநாள் டெஸ் தெருமுனை திரும்பியதும் ரோண்டா முள்ளு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அவன் சைக்கிளில் ஏறினாள். சீட்டு உயரம். கால் ஒரு பக்கம் எட்டினால் மறுபக்கம் எட்டவில்லை. இருந்தாலும் ஓடைப் பாதையில் அவன் முதுகைப் பிடித்துவிட்டாள். பார்த்தால், நடந்துதான் போகிறான். அதில்தான் தொல்லையே. நடக்கிறவனைச் சைக்கிளில் பின்தொடர்வது லேசான காரியமில்லை. மெதுவாக மிதித்தால் விழ வேண்டியிருந்தது. வேகமாக மிதித்தால் அவனைத் தாண்ட வேண்டியிருந்தது. நாலு மிதி மிதிப்பதும், இறங்கி யூகலிப்டஸ் மரத்துக்குப் பின்னால் ஒளிவதுமாகப் போனாள்.

நாலாவது மரத்தில் மேக்பை இருந்தது.

கேபிள் டையெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஹெல்மெட்டில் டொக் டொக்கென்று விழுந்தது. ரோண்டா கத்தவும் முடியாமல், நிற்கவும் முடியாமல் கண்ணை மூடிக்கொண்டு மிதித்தாள். பின்னாலிருந்து ஒருவன், "இடப்பக்கமாப் போம்மா! தலையைக் குனி!" என்று கத்திக்கொண்டே கடந்து போனான். கண்ணைத் திறந்தபோது பாலத்தைத் தாண்டியிருந்தாள். தூரத்தில் டெஸ் கோபர்க் ஸ்டேஷனை ஒட்டிய ஒரு சந்துக்குள், சொந்த வீட்டுக்குள் போகிற மாதிரி நுழைந்துகொண்டிருந்தான்.

அவளும் விட்டாள் சைக்கிளை. நிறுத்தியிருந்த ஒரு வேனின் கதவு திறந்தது. ரோண்டா பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்தாள். சைக்கிள் நின்றது. அவள் நிற்கவில்லை. அந்தச் சந்தில் இருந்த ஒரு பேக்கரியின் பின்வாசலில் அடுக்கியிருந்த காலி ரொட்டித் தட்டுகளின் மேல் போய் விழுந்தாள்.

மாவுக் கையோடு ஒருத்தர் ஓடி வந்தார். லெபனான்காரர், பெரிய மீசை. "ஐயோ மேடம்! அடிபட்டுதா?" என்று தூக்கி நிறுத்தினார். பிறகு கீழே கிடந்த சைக்கிளைப் பார்த்தார். முகம் மாறிற்று.

"இது டெஸ் அண்ணன் சைக்கிளாச்சே. உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

ரோண்டா உஷாரானாள். மனைவி என்று சொன்னால் இந்த மீசை வாயைத் திறக்காது.

"நான் பக்கத்து வீடு. வூலா. இரவல் வாங்கிட்டு வந்தேன்."

"ஓ, எலுமிச்சம்பழ வூலா அக்காவா!" அவர் முகம் மலர்ந்தது. "நான் நபீல். அண்ணன் சொல்லியிருக்கார். உங்களைப் பத்தி நிறையவே சொல்லியிருக்கார். இப்பத்தான் சாப்பிட்டுக்கிட்டே முன்வாசல் வழியா ஸ்டேஷனுக்கு ஓடினார்."

சொல்லி வாய் மூடுமுன் ரயில் கிளம்பும் சத்தம் கேட்டது.

"அவ எங்கே?" என்றாள் ரோண்டா.

"யாரு?"

"அவனுக்குக் கீரை ரொட்டி சுட்டுப் போடறவ."

"கீரை ரொட்டி சுடறது நான்தான். ஒண்ணு சாப்பிடறீங்களா?"

ரோண்டாவுக்கு மூச்சு வந்தது. ஆனால் பாதி மூச்சுதான்.

"இதோ பாருங்க நபீல். ரோண்டா பாவம், தினம் தினம் செத்துப் பிழைக்கிறா. இனிமே ஓட்ட மாட்டேன்னு டெஸ் அவகிட்ட வாக்குக் கொடுத்திருக்கான். அவளுக்கு அவனை விட்டா யாருமில்ல. மறைக்காம சொல்லுங்க. இன்னொரு சைக்கிளை இங்கதானே ஒளிச்சு வெச்சிருக்கான்? இங்கேயிருந்து தினமும் நகரத்துக்கு ஓட்டிட்டுத்தானே போறான்?"

நபீல் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சந்தின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணன்தான் சைக்கிளையே விட்டுட்டாரே, இனிமே சொன்னா என்ன போச்சு. ஆனா ரோண்டா அக்கா காதுக்குப் போகாதுன்னு சத்தியம் பண்ணுங்க."

"சத்தியம்" என்றாள் ரோண்டா.

"இன்னொரு சைக்கிளெல்லாம் கிடையாது, அக்கா. பதினோரு வருஷமா காலையில இதே சைக்கிளை இங்க சாத்திட்டு ரயில்லதான் போவார். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பறப்ப, நல்லா வேர்த்த மாதிரி தெரியணும்னு முகத்துல தண்ணி தெளிச்சு அனுப்பினதே நான்தான்!"