ரெண்டும் வலது பக்கம்

நேத்து எனக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். நல்லம்பள்ளியில பஸ் ஏறி தர்மபுரி போகணும், தையல் கிளாஸ் பரிட்சையில ஒரு ஜாக்கெட் வெட்டித் தைக்கணும், சர்டிஃபிகேட்டோட வூட்டுக்கு வரணும்.

அது இருந்தாத்தான் ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிற சங்கத்துல சேத்துக்குவாங்க. மெஷின் வாங்கிப் போட்டு நாலு மாசமாச்சு. வூட்டுக்காரர் அதுமேல ஹெல்மெட் வைக்கப் பழகிட்டாரு.

ஆறு மாசக் கிளாஸ். பதினஞ்சு பொம்பளைங்க, ஒரே மெஷின், அதுவும் பாதி நாள் ரிப்பேரு. மிஸ் எங்களை நியூஸ்பேப்பர் வெட்டச் சொல்லிட்டு போனைப் பாத்துக்கிட்டிருப்பாங்க. நான் வெட்டுன பேப்பரையெல்லாம் படிச்சிருந்தா இந்நேரம் கலெக்டர் ஆயிருப்பேன்.

கூடப் படிச்ச ஸ்டெல்லா முதல் வாரமே நின்னுட்டா. எங்க ஊரு பஸ் ஸ்டாப் பக்கம் ஒரு டைலர் கடையில காஜா எடுக்க, பட்டன் தைக்கப் போயிட்டா. பாவம், சர்டிஃபிகேட் இல்லாம என்ன பண்ணப் போறாளோன்னு ஊரெல்லாம் சொல்லி வருத்தப்பட்டவ நான்தான்.

பரிட்சைக்குத் துணி நாமளே கொண்டு போகணும். என் நாத்தனா செல்வி, அரூர் கல்யாணத்துக்கு வச்சிருந்த ஜரிகைத் துணியை நீட்டி, "அண்ணி, நீங்கதான் படிக்கிறீங்களே"ன்னா. வேணாம்னு சொல்ல வாய் வரலை. பெருமை!

முதுகு வெட்டுனேன், கை வெட்டுனேன். முன்பக்கத்துக்கு ரெண்டு துண்டு வேணும். பேப்பர் அளவை வச்சு ஒண்ணு வெட்டி, திருப்பாம அப்படியே நகத்தி வச்சு இன்னொண்ணு வெட்டுனேன். சேத்துப் பாத்தா ரெண்டும் வலது பக்கம்!

நியூஸ்பேப்பர்னா திருப்பிப் போட்டுக்கலாம், ரெண்டு பக்கமும் சேதிதான். ஜரிகைத் துணிக்கு நல்ல பக்கம்னு ஒண்ணு இருக்குன்னு எனக்குத் தெரியும். என் கத்திரிக்கோலுக்குத் தெரியலை.

மிச்சத் துணி கைக்குட்டை அளவுதான் இருந்துச்சு. வேற வழியில்லாம ஒண்ணைத் திருப்பிப் போட்டே தெச்சேன். வலது பக்கம் ஜரிகை மின்னுது, இடது பக்கம் நூல் பிசிறு தொங்குது.

பரிட்சை பாக்க வெளியூர்லேர்ந்து வந்த மேடம் அதைத் தூக்கிப் பிடிச்சு, "இது என்னம்மா?"ன்னாங்க.

"இடது பக்கந்தானுங்க மேடம். மேல முந்தானை வந்துடுமுங்க."

மேடம் என்னைப் பாத்தாங்க. மிஸ்ஸைப் பாத்தாங்க. மிஸ் ஜன்னலைப் பாத்தாங்க. அப்புறம் என்னையும் சேத்து மிச்சமிருந்த பதினாலு பேருக்கும் பாஸ் போட்டுட்டு மேடம் டீ குடிக்கப் போயிட்டாங்க. என் சர்டிஃபிகேட்டுல "மிக நன்று"ன்னு போட்டிருக்கு.

ஜாக்கெட்டைப் பாத்ததும் செல்விக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. நேரா ஸ்டெல்லாகிட்ட எடுத்துட்டுப் போனா. அவ இப்ப அந்தக் கடையில ஜாக்கெட் வெட்டற அளவுக்கு வந்துட்டாளாம். மேட்சிங் துணி எடுத்து ராத்திரிக்குள்ள இடது பக்கத்தை மாத்திக் குடுத்துட்டா. யாரு வெட்டுனதுன்னு ஸ்டெல்லா கேட்டதுக்கு செல்வி என் பேரைச் சொல்லலையாம். அதுதான் இன்னும் வலிக்குது.

சங்கத்துக்கு சர்டிஃபிகேட்டை வாட்ஸ்அப்ல அனுப்பியிருந்தேன். இன்னிக்குப் போன் பண்ணாங்க. "மிக நன்று" பாத்து ரொம்ப சந்தோஷமாம். திங்கக்கிழமையே வரச் சொல்லிட்டாங்க, பசங்க சட்டை தைக்கணுமாம்.

சட்டைக்கு ஏதுங்க முந்தானை?