என் கையில வந்து உக்காந்த லதா

சனிக்கிழமை காலையில எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. மந்தின் டவுனுக்குப் போயி வாசனை இல்லாத லோஷன் ஒரு போத்தல் வாங்கணும். அவ்வளவுதான்.

லோஷன் எனக்குத்தான். சுங்கை காடுட் ஃபேக்டரியில ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுற நாப்பத்தாறு வயசு ஆம்பளைக்கு லோஷன் எதுக்குன்னு கேக்குறீங்க. நியாயம்தான்.

அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை நான் கையில பச்சை குத்திக்கிட்டேன். ரெண்டு வாரத்துல எங்களோட இருபதாவது கல்யாண நாள். இடது கையில, முழங்கைக்குக் கீழ, பொண்டாட்டி பேரு. முழுப் பேரு! புஷ்பலதா. ஊரே அவளை புஷ்பான்னுதான் கூப்பிடும். முழுசா எழுதுனாதானே ஒரு கெத்து!

குத்தி முடிச்ச தம்பி, கையப் பிடிச்சுக்கிட்டுப் பாடம் நடத்துனாரு.

"ஒரு நாளைக்கு மூணு தடவை கழுவணும் அங்கிள். துண்டுல தேய்க்காதீங்க, டிஷ்யூவுல ஒத்தி எடுங்க. வாசனை இல்லாத லோஷன் லேசா தடவணும். வெயில் படக்கூடாது. எவ்வளவு அரிச்சாலும் சொறியவே கூடாது!"

ஊசி வலிக்கல. அந்த 'அங்கிள்'தான் வலிச்சுச்சு.

ஆறுற வரைக்கும் புஷ்பாவுக்குத் தெரியக்கூடாது. கல்யாண நாளன்னைக்கு சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டணும், அவ கண்ணு கலங்கணும். இதுதான் திட்டம்.

எங்களுது எஸ்டேட் லயத்து வீடு. தகரக் கூரை. மத்தியானத்துல உள்ள உக்காந்தா நம்மளே வெந்துருவோம். அதுல நான் முழுக்கை சட்டையோட உக்காந்திருக்கேன்.

"என்னங்க, காய்ச்சலா?"

"இல்ல புஷ்பா. குளிருது."

"குளிருதா? ஃபேனே சூடா சுத்துது!"

ஒரு நாளைக்கு மூணு தடவை பாத்ரூம் கதவைத் தாழ் போட்டுக்கிட்டேன். கையில சுத்த, சமையக்கட்டுல இருந்த பிளாஸ்டிக் ரோலையும் எடுத்துட்டேன். புஷ்பா பாத்துக்கிட்டே இருந்தா.

வியாழக்கிழமை அரிப்பு ஆரம்பிச்சுச்சு.

அது அரிப்பு இல்லங்க. எறும்புக் கூட்டம் கல்யாண ஊர்வலம் போற மாதிரி! ஃபேக்டரியில ஒரு இரும்புத் தூண். யாரும் பாக்கலன்னு நெனச்சு, எருமை மாதிரி அதுல கையை வெச்சு நல்லா ஒரு தேய் தேய்ச்சேன். சொர்க்கம்! மறுநாள் பாத்தா பாதி கையில கறுப்பா தடிமனா பொருக்கு.

அதனாலதான் சனிக்கிழமை மந்தினுக்கு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கிட்டு ஓடுனேன்.

மொதல்ல மளிகைக் கடைக்காரரைக் கேட்டேன். "வாசனை இல்லாததா? வாசனை இல்லன்னா அப்புறம் எதுக்குங்க லோஷனு?"ன்னாரு.

அடுத்து பார்மசி. கவுண்டர்ல ஒரு இளம்பொண்ணு. "எங்க போடணும்? காட்டுங்க"ன்னா. காட்டுனேன்.

"ஐயோ! சொறிஞ்சீங்களா?"

என் கையைப் பிடிச்சு, பஞ்சுல தொடைச்சு, லோஷனை ஒரு பொட்டு எடுத்து மெதுவா தடவிக் காட்டுனா. "இவ்ளோ லேசா போட்டா போதும்லா."

அப்போதான் கதவுப் பக்கம் ஒரு சத்தம். திரும்பிப் பாத்தா, எங்க பக்கத்து வீட்டு சரோஜா அக்கா! பசார்ல வாங்குன கீரைக் கட்டோட.

"தம்பி... நல்லா இருக்கீங்களா?"

நான் என்ன செஞ்சிருக்கணும்? சிரிச்சுட்டு, "புண்ணுக்கா"ன்னு சொல்லியிருக்கணும். நான் என்ன செஞ்சேன்? வெடுக்குன்னு கையை உருவிக்கிட்டு சட்டைக் கையை இறக்கிவிட்டேன்.

மோட்டார் எஸ்டேட்டுக்கு வந்து சேர்றதுக்கு முன்னாடி சேதி வந்து சேந்துருச்சு. புஷ்பா வாசல்ல நிக்கிறா.

"லோஷன் வாங்கிட்டீங்களா?"

"ம்."

"கையைக் காட்டுங்க."

காட்டுனேன். வேற வழி? அந்தப் பொருக்கு சரியா 'புஷ்ப'ங்கிற எழுத்தை மூடியிருந்துச்சு. மிச்சம் இருந்தது சுத்தமா, அழகா, பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு.

லதா.

"யாருங்க இந்த லதா?"

"நீதான்டி!"

"எம்பேரு புஷ்பா."

"அடையாளக் கார்டை எடுத்துப் பாரு! ஐசியில புஷ்பலதான்னுதானே இருக்கு?"

"ஐசியில இருக்கு. கையில இல்லயே!"

பச்சை குத்துன தம்பிக்கு போன் போட்டேன். குத்துன அன்னைக்கு எடுத்த படத்தை அனுப்புனாரு. முழுப் பேரும் இருக்கு. தப்பிச்சோம்டான்னு நெனச்சேன். வேலிப் பக்கம் நின்னு எட்டிப் பாத்த சரோஜா அக்கா ஒரே வார்த்தையில முடிச்சுட்டாங்க.

"இப்பெல்லாம் போன்ல ஆளையே மாத்திடுறானுங்க. எழுத்து மாத்துறது கஷ்டமா?"

புஷ்பா பையைக் கட்டிட்டா. செண்டாயான்ல இருக்கிற அண்ணன் வீட்டுக்குப் போறாளாம். அந்த அண்ணன் பேசுறதுக்கு முன்னாடி கை நீட்டுற ஆளு.

"ஒரே ஒரு வாரம் பொறு புஷ்பா. பொருக்கு விழுந்துரும். அப்புறம் முடிவு பண்ணு."

அவ யோசிச்சா. பையைக் கீழ வெச்சா. அவிழ்க்கல.

அன்னையிலருந்து என் கை அவ பொறுப்பு. மூணு வேளையும் அவளே கழுவுனா, அவளே ஒத்தி எடுத்தா, அவளே லோஷன் தடவுனா. பாசம் இல்லங்க. விசாரணை! நான் சொறியப் போனா கரண்டியால ஒரு அடி.

சாயங்காலமானா லயத்துல பாதிப் பேரு வந்துருவாங்க. நாலு நம்பர் லாட்டரி ரிசல்ட்டு பாக்குற மாதிரி.

"என்ன புஷ்பா, எந்த எழுத்து வந்துருக்கு?"

"இன்னைக்கு 'ப' மட்டும்."

"பத்மலதாவா கூட இருக்கலாம்லா!" இது சரோஜா அக்கா. அவங்க வாய்க்கு ஒரு பொருக்கு வரக்கூடாதான்னு இருந்துச்சு எனக்கு.

கல்யாண நாளுக்கு முந்தின நாள் காலையில கடைசிப் பொருக்கும் தானா உதுந்துச்சு. புஷ்பா கண்ணாடி போட்டுக்கிட்டு, கையை வெளிச்சத்துல வெச்சு எழுத்துக் கூட்டிப் படிச்சா. பு இருக்கு. ஷ இருக்கு. ப இருக்கு. ஆனா நான் சொறிஞ்ச புண்ணியத்துல 'ஷ்' மேல இருந்த புள்ளி மட்டும் பொருக்கோட போயிருச்சு.

புஷபலதா.

அந்தப் புள்ளி இருக்க வேண்டிய எடத்துல விரலை வெச்சு ஒரு தடவை தடவுனா. கண்ணு கொஞ்சம் கலங்குன மாதிரிதான் இருந்துச்சு.

"இருபது வருசம் ஆச்சு. கட்டுனவ பேரைக்கூட ஒழுங்கா எழுதத் தெரியல"ன்னு சொல்லிட்டு, உள்ள போயி பையைப் பிரிச்சு துணியை அலமாரியில அடுக்குனா.

அதனால, பொண்டாட்டிக்கு ஏதாவது வாங்கிக் குடுத்து அசத்தணும்னு நெனைக்கிறவங்க, சூடா ஒரு பொட்டலம் நாசி லெமாக் சோறு வாங்கிக் குடுத்துருங்க; அது பத்தே நிமிசத்துல ஆறிரும்.