ஆகஸ்ட் வெயிலில் மூட்டிய பாய்லர்

ஸ்மோலியான்,
அக்டோபர் 19.

அன்பு மிகுந்த நெவேனா அக்காவுக்கு, தம்பி ராங்கெல் வணக்கத்துடன் எழுதுவது. நானும் டிமானாவும் நலம். கடலோரத்தில் நீயும் அத்தானும் முட்டிவலி இல்லாமல் இருக்க வேண்டுகிறேன்.

உனக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். "வாங்குறதுக்கு முன்னாடி கணப்பை எரிய விட்டுப் பாருடா. வெயில் காலத்துல எல்லா வீடும் கதகதப்பாத்தான் இருக்கும்" என்று போனில் சொன்னாயே, அதற்கு.

ஆகஸ்டில் க்ரும் என்பவரின் வீட்டைப் பார்க்கப் போனோம். வெளியே தார் உருகுகிற வெயில். பாய்லரை மூட்டிக் காட்டுங்கள் என்றதும் அவர் டிமானாவிடம், "உங்க வீட்டுக்காரருக்கு வெயில் தலைக்கேறிடுச்சாம்மா?" என்றார். "இல்லீங்க, அவரு எப்பவுமே இப்படித்தான்" என்றாள் இவள். அவர் சலித்துக்கொண்டே நிலவறைக்குப் போய் விறகைப் போட்டுவிட்டு வந்தார், நான் நீ சொன்னபடி அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனேன், சமையலறையில் இருந்தது கொதித்தது, கூடத்தில் இருந்தது மேலே சூடு கீழே ஜில், படுக்கையறையில் இருந்தது பிணம்போலக் கிடந்தது, குனிந்து பார்த்தால் அதற்குக் குழாயே இல்லை, சுவரில் மாட்டியிருக்கிறது. "அது பார்வைக்கு," என்றார் க்ரும். "இந்த ரூம்ல சுவரே சூடா இருக்கும்." நான் பதில் சொல்வதற்குள் புகை படியேறி வந்துவிட்டது. க்ரும், அவர் மனைவி வியோலேட்டா, நாங்கள் இருவர் எல்லோரும் இருமிக்கொண்டே தெருவுக்கு ஓடினோம். எதிர்வீட்டுக்காரர் தோட்டத்துக் குழாயோடு ஓடிவந்து, வீடு எரியவில்லை என்று எவ்வளவு சொல்லியும் கேட்காமல் என்னைத் தொப்பலாக நனைத்துவிட்டார்.

மறுநாள் புகைபோக்கி துடைக்கும் மெதோடி வந்து காக்கைக்கூட்டுச் சுள்ளியை மூன்று கூடை அள்ளினார். பிறகு படுக்கையறைச் சுவரைத் தட்டிப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது. சுவருக்குள் போகிற புகைபோக்கி விரிசல் விட்டிருந்தது.

"குளிர்காலத்துல இங்க யாரு படுக்கிறது?"

"நான்தான்," என்றாள் வியோலேட்டா. "இவரு டிவி முன்னாடியே தூங்கிடுவாரு."

"தலைவலி வருமாம்மா?"

"நாலு வருஷமா. டாக்டரு மலைக்குளிர் ஒத்துக்கலன்னாரு. அதான் வீட்டையே விக்கிறோம்."

"குளிர் இல்லம்மா, விஷவாயு. வாசனையே வராது. இத்தனை நாள் காலைல எந்திரிச்சீங்களே, அதுவே பெருசு."

க்ரும் படியில் உட்கார்ந்துவிட்டார். "என்னோட சண்டை போடத்தான் தலைவலிங்கிறான்னு நெனச்சேன்," என்றார். அப்புறம் வெகுநேரம் அவள் கையை விடவேயில்லை.

அக்கா, இந்தக் குளிர்காலம் அந்த அறையில் படுத்திருக்க வேண்டியவர்கள் நாங்கள். செப்டம்பருக்குள் க்ரும் புகைபோக்கியைப் புதிதாகக் கட்டி, ரேடியேட்டருக்குக் குழாயும் வைத்துவிட்டார். அடுத்த வாரம் பத்திரப்பதிவு. வியோலேட்டா உன் பேரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கோயிலில் உனக்காக மெழுகுவத்தி ஏற்றினாளாம். நீ நூறு வயது இரு. உன் வீட்டில் கணப்பு குறையாதிருக்கட்டும். அத்தானின் ரக்கியாக் குடி மட்டும் கொஞ்சம் குறையட்டும்.

இப்படிக்கு,
நன்றி மறவாத தம்பி
ராங்கெல்

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில் க்ரும் வந்தார். தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டே, "அண்ணே, பத்து நாளா கணப்பு எரியுது. அவளுக்கு ஒரு தலைவலி இல்ல. பாட்டெல்லாம் பாடுறா. நாங்க வீட்டை விக்கிறதா இல்ல" என்றார். திட்டத்தான் வாயெடுத்தேன், அதற்குள் டிமானா அவருக்குக் காபி கொடுத்துவிட்டாள். இந்த வாடகை வீட்டையோ மாதக் கடைசியில் காலி செய்வதாகச் சொல்லிவிட்டோம். ஆகவே கடைசி வெள்ளிக்கிழமை பஸ்ஸில் பெட்டி படுக்கையோடு உன் வீட்டுக்கு வருகிறோம். அதற்குள் யாரையாவது கூப்பிட்டு உன் புகைபோக்கியைப் பார்த்து வைத்துவிடு.