டூபே அண்ணாச்சியும் பூட்டாத ஹெல்மெட்டும்

வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்பக் கைக்காசு கொடுக்க மாட்டேன் என்று கடைசிவரை நிற்கக்கூடிய மனிதர் இந்தத் தேசத்திலேயே ஒருவர்தான். அவர் திருத்தங்கலில் எங்கள் எதிர்வீட்டில் இருக்கிறார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் வேண்டும். ரேஷன் கடைக்காரருக்கு மட்டும் அது தெரிந்திருக்கலாம். எங்களுக்கு அவர் டூபே அண்ணாச்சி.

சிவகாசியில் லாரி ஆபீஸில் புக்கிங் பார்த்தவர். காலண்டர் பண்டலோ லேபிள் கட்டோ, லாரியில் ஏற்றும்போது அங்கே ஒரே கேள்விதான் கேட்பார்கள். வாடகையை அனுப்புகிறவர் இங்கேயே கட்டினால் அது ‘பெய்டு’. வாங்குகிறவர் சரக்கை இறக்கும்போது கட்டினால் ‘டூபே’. சரக்கில் கோளாறு என்றால் போன வாடகை, திரும்பும் வாடகை இரண்டும் கோளாறு செய்தவர் தலையில். எங்கள் பக்கத்தில் இதை யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறியதும் இல்லை. காலண்டரில் சாமிக்கு மூக்கு கோணலாக அச்சாகிப் பண்டல் திரும்பி வந்தால், பிரஸ்காரர் முனகிக்கொண்டே வாடகை கட்டிவிடுவார்.

அண்ணாச்சி ஓய்வு பெற்றார். மகன் ஒரு போன் வாங்கிக் கொடுத்தான். ஆன்லைன் கம்பெனிகளுக்கு அன்றைக்கு ஆரம்பித்தது கெட்ட காலம்.

முதலில் ஒரு சட்டை. ஒரு கை மணிக்கட்டைத் தாண்டியும் மறு கை முழங்கைக்குச் சற்றுக் கீழேயும் நின்றது. உங்கள் செலவில் அனுப்புங்கள் என்றது கம்பெனி. அண்ணாச்சி அதைச் சாக்கில் வைத்துத் தைத்து, வடக்கே எங்கேயோ இருந்த அவர்கள் குடோனுக்கு லாரியில் டூபே போட்டார். அங்கே அதைத் தொட்டுப் பார்க்கக்கூட ஆளில்லை. சட்டை பாதி இந்தியாவைச் சுற்றிவிட்டுப் பொங்கலுக்குத் திரும்பி வந்தது, வாடகைக்கு மேல் வாடகையோடு. கட்ட மாட்டேன் என்று அவர் தான் வேலை பார்த்த லாரி ஆபீஸ் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பழைய முதலாளி கையெடுத்துக் கும்பிட்டு, சட்டையை இனாமாகக் கொடுத்து அனுப்பினார். இன்றும் கல்யாண வீடுகளுக்கு அந்தச் சட்டையில்தான் வருவார். “கை ஏன் அண்ணாச்சி அப்படி இருக்கு?” என்று எவராவது கேட்டுவிட்டால் முடிந்தது, அவர் பந்திக்குப் போக மறந்துவிடுவார், கேட்டவரையும் போக விடமாட்டார்.

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால் சண்டைக்கு முன்பு “சாப்பிட்டீகளா?” என்று கேட்பது அவர் மரியாதை. பதிவு செய்து வைத்த குரலிடமும் கேட்பார். பிறகு பள்ளிக்கூட டீச்சரான என்னிடம் வந்து முறையிடுவார்.

“ஒண்ண அமுக்கு, ரெண்ட அமுக்குங்கா டீச்சர். சாப்பிட்டியான்னா பதில் சொல்ல மாட்டேங்கா. வளப்பு சரியில்ல.”

இதையெல்லாம் வாசலில் நின்று சிரித்துக்கொண்டு பார்த்தவள்தான் நான், என் வீட்டுக்கு அந்த ஹெல்மெட் வரும்வரை.

என் மகள் ஜெசி சாத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை ஷிப்டுக்குப் பஸ் தோதுப்படாது, ஸ்கூட்டரில்தான் போகிறாள். கம்பெனி வேன்களும் லோடு லாரிகளும் ஒன்றையொன்று முந்துகிற ரோடு அது. ‘வந்துட்டேம்மா’ என்று அவள் மெசேஜ் வரும்வரை வகுப்பில் நான் போர்டில் என்ன எழுதுகிறேன் என்று எனக்கே தெரியாது. அதனால்தான் விலை பார்க்காமல் நல்ல ஹெல்மெட்டாக ஆர்டர் செய்தேன். பளபளவென்று வந்தது. தாடைக்குக் கீழே லாக்கை மாட்டினால் ‘டிக்’ என்று சத்தம் வரும். லேசாக இழுத்தால் கையோடு வந்துவிடும். சத்தத்துக்கு மட்டும் என்னிடம் பணம் வாங்கியிருக்கிறார்கள்.

மாற்றிக் கொடுங்கள் என்றேன். உங்கள் பகுதியில் திரும்ப எடுக்கும் வசதி இல்லை, கூரியர் செலவை நீங்களே ஏற்று அனுப்பவும், குறித்த நாளுக்குள் வராவிட்டால் பணம் கிடைக்காது என்று பதில் வந்தது. கொண்டுவந்து கொடுக்க வழி தெரிந்தவர்களுக்கு எடுத்துப்போக வழி தெரியாதாம். பூட்டாத லாக் வேண்டும் என்று கேட்டவளா நான்? ஒரு பெண்ணின் தலைக்குக் காவல் என்று ஒன்றை விற்றுவிட்டு, அது காவல் இல்லை என்று சொல்வதற்கும் என்னிடமே காசு கேட்டால் என்ன நியாயம்?

நான் போட்ட சத்தத்தில் அண்ணாச்சி தெருவைத் தாண்டி வந்துவிட்டார்.

“ஒத்தப் பைசா கொடுத்திராதீக டீச்சர். தப்பு யாருது? அவனுது. பெறகு நாம எதுக்குக் கூலி கட்டணும்?”

“பிள்ளைக்கு ஹெல்மெட் வேணுமே அண்ணாச்சி. கடையில வேற ஒண்ணு வாங்கிருதேன்.”

“வேற வாங்குனா அவன் ஜெயிச்சிருவான். பழசு ஒண்ணு கெடக்குல்ல, நாலு நாள் அத மாட்டட்டும். அவனே ஆள் விட்டு எடுத்துட்டுப் போவான், பாருங்க.”

“அண்ணாச்சி சொல்றதுதாம்மா கரெக்ட்டு. விடக்கூடாது” என்றாள் ஜெசி. கோபம் என் வழி, பிடிவாதம் அவள் அப்பா வழி. அப்பாவின் பழைய ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டு கிளம்பினாள். அதற்குள் இன்னும் பாதித் தலைக்கு இடம் இருந்தது.

அண்ணாச்சி போனில் போர் தொடுத்தார். கம்பெனி ஆள் விடவில்லை. அந்த வாரமே சாத்தூருக்கு முன்னால் ஒரு வளைவில் ஆடு ஒன்று குறுக்கே பாய, ஸ்கூட்டர் சரிந்தது. ஹெல்மெட் அவளுக்கு முன்னால் உருண்டுபோய்ப் பள்ளத்தில் விழுந்தது. தலை மண்ணில் விழுந்தது. ஒரு முழம் தள்ளிக் கல் கிடந்ததாம். அதை அவள் ஏன்தான் என்னிடம் சொன்னாளோ. நெற்றியில் தையல், முழங்கையில் கட்டு. அவ்வளவுதான் என்கிறார்கள் எல்லோரும். சமையலறையில் ஒரு கரண்டி விழுந்தாலும் நான் இன்னும் வாசலுக்கு ஓடிப் பார்க்கிறேன்.

அண்ணாச்சி வந்து எங்கள் வீட்டு கேட் அருகில் நின்றார்.

“வாங்க அண்ணாச்சி, நானும் டேமேஜ் பீஸ் ஆயிட்டேன். என்னைய ரிட்டன் எடுப்பாகளா?” என்றாள் ஜெசி.

அவர் சிரிக்கவில்லை. உள்ளே வரவும் இல்லை. திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் சிவகாசிக் கடையிலிருந்து புது ஹெல்மெட்டோடு வந்தார். கடைக்காரரின் கொக்கியில் மாட்டி, லாக்கில் ஒரு தண்ணீர் கேனைக் கட்டித் தொங்கவிட்டுச் சோதித்தாராம். கடைக்காரர் இன்னும் அவர்மேல் வருத்தமாக இருக்கிறார்.

“அந்தப் பூட்டாத சனியன எடுங்க டீச்சர். அது இந்தத் தெருவுல கெடந்தா எனக்குச் சோறு எறங்காது.”

இருவரும் கூரியர் ஆபீஸுக்குப் போனோம். எங்கள் ஊரில் எதை அனுப்புவதென்றாலும் கைக்கு அகப்படுவது வெடிக்கடை அட்டைப்பெட்டிதான். அண்ணாச்சியும் அதில்தான் கட்டியிருந்தார். கவுண்டரில் இருந்த இளைஞர் பெட்டியை மோந்து பார்த்தார்.

“ஆயிரம்வாலான்னு போட்டிருக்கு அண்ணாச்சி.”

“உள்ள ஹெல்மெட்டுதாம்லே.”

“வெளிய ஆயிரம்வாலால்ல இருக்கு. பெங்களூர்ல எறக்குறப்ப போலீஸ் வந்தா ஒங்க நம்பரக் கொடுக்கட்டுமா?”

நான் பெட்டியைக் கவுண்டரிலிருந்து இறக்கினேன். கட்டைப் பிரித்து, வெள்ளைத் துணி சுற்றி, மறுபடியும் கட்டினோம். இளைஞர் எடை போட்டுவிட்டு, பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துக் கண்ணடித்தார்.

“டூபே தான அண்ணாச்சி?”

வரிசையில் நின்ற அத்தனை பேரும் சண்டையைக் கேட்கத் தயாரானார்கள்.

“பெய்டு போடுலே” என்றார் அண்ணாச்சி.

இளைஞர் என்னைப் பார்த்தார். நான் பர்ஸைத் திறப்பதற்குள் அண்ணாச்சி தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கட்டிவிட்டார். வெளியே வந்ததும் பணத்தை நீட்டினேன். புது ஹெல்மெட்டுக்கு உள்ளதை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டார். கூரியர் பணத்தைத் தொடவில்லை.

“பிடிங்க அண்ணாச்சி. நீங்க எதுக்குக் கட்டணும்?”

“வேற வாங்குதேன்னீக. நாந்தான வேண்டாம்னேன்.” தெரு முனை வந்ததும் நின்று திரும்பினார். “தெருவுல சொல்லிராதீக டீச்சர்.”

ஹெல்மெட்டின் பணம் வந்துவிட்டது. கூரியர் செலவை அந்தக் கம்பெனி இன்றுவரை தரவில்லை. நான் இன்றுவரை விடவில்லை, வாரம் ஒரு முறை எழுதிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அது வந்தால் அண்ணாச்சி கையில் கொடுக்க வேண்டும்.

ஜெசி மறுபடியும் வேலைக்குப் போகிறாள். காலையில் பல் விளக்கிய கையோடு அண்ணாச்சி தெருவில் நிற்பார். ஸ்கூட்டரை நிறுத்தி, லாக்கைப் பிடித்து இரண்டு இழுப்பு இழுப்பார். “கழுத்து வலிக்கி அண்ணாச்சி” என்பாள் அவள். “வலிக்கட்டும். போயிட்டு வா தாயி” என்பார். அவர் அதைச் சொன்ன பிறகுதான் நான் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைக்கிறேன்.