மணல்மேட்டில் ஒரு பனிச்சரிவு

பெண்ணுக்குப் பிடித்ததெல்லாம் தனக்கும் பிடிக்கும் என்று சொல்லுகிற ஆணை நம்பாதீர்கள். அவன் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை. அந்த நேரத்தில் அவள் சொல்வது எதுவும் அவன் காதில் விழுவதில்லை, அவ்வளவுதான். தேன்மொழி பனிமலை என்று சொன்னபோது நான் தலையாட்டினேன். பாம்புப் பண்ணை என்று சொல்லியிருந்தாலும் அதே ஆட்டம்தான் ஆட்டியிருப்பேன்.

தேன்மொழி தெலுக் இந்தான்காரி. ஈப்போவில் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். நான் அலுவலகப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து (எண்ணெய் இல்லை, தண்ணீர் இல்லை, வெறும் படி) முட்டியைப் பெயர்த்துக்கொண்டு போன இடத்தில்தான் பழக்கம். ஆண்டு முழுக்க வியர்த்துக் கொட்டும் பேராக் மாநிலத்தில் பிறந்த இந்தப் பெண், லீவையெல்லாம் சேர்த்துவைத்து வருஷா வருஷம் ஜப்பானுக்குப் போவாள். பனியில் கால் புதையாமலிருக்க அகலமாக எதையோ பாதத்தில் கட்டிக்கொண்டு, ஆள் நடமாட்டமில்லாத மலைச்சரிவுகளில் நடந்துவிட்டு வருவாள். நானோ ஐஸ் பெட்டியைத் திறந்தாலே தும்முகிறவன்.

ஒரு சனிக்கிழமை மாலை, மாமாக் கடை என்று நாங்கள் சொல்லும் டீக்கடையில், தே தாரிக் ஆறுவதற்குள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "நம்ம கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "நீங்க என்கூட மலைக்கு வருவீங்களா?"

"வராம?"

"பனி சரிஞ்சு நான் உள்ள போய்ட்டா என்ன செய்வீங்க?"

"ஆம்புலன்சுக்கு போன் பண்ணுவேன்."

"ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள மூச்சு நின்னுடும் லா. அங்க கூட வர்ற ஆளுதான் ஆம்புலன்ஸ். லியோங் அண்ணே கிட்ட பயிற்சிக்கு வாங்க. அப்புறம் பதில் சொல்றேன்."

(மாப்பிள்ளைக்கு ஜாதகம் பார்ப்பார்கள், சம்பளம் கேட்பார்கள். தோண்டத் தெரியுமா என்று கேட்ட முதல் பெண் இவளாகத்தான் இருக்க வேண்டும்.)

லியோங் பனிக்காலத்தில் ஜப்பானில் மலை வழிகாட்டி. மற்ற மாதங்களில் ஈப்போவில் இருப்பார். இங்கிருந்து பனிமலைக்குப் போகிறவர்களைக் கூட்டி, போகுமுன் பயிற்சி கொடுப்பார். ஆயர் தாவார் பக்கம் தமிழர்கள் வேலை செய்த ஒரு தோட்டத்து மளிகைக் கடையில் வளர்ந்த சீனர் என்பதால் தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. பயிற்சிக்கு மூன்று சாமான் வேண்டும் என்றார்: ஒரு மடக்கு மண்வாரி, மடித்துவைத்தால் முழ நீளமும் விரித்தால் ஆளைவிட உயரமும் உள்ள ஒரு குத்துக் கம்பி, அப்புறம் பீக்கன்.

பீக்கன்தான் முக்கியம். கைக்கு அடக்கமான ஒரு மெஷின். வாரில் கோத்து மார்போடு சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும். நடக்கும்போது அது 'நான் இங்கே இருக்கிறேன்' என்று ஓயாமல் அலை அனுப்பிக்கொண்டே இருக்கும். யாராவது பனிக்குள் போய்விட்டால், வெளியில் இருப்பவர்கள் எல்லாரும் தங்கள் மெஷினில் சுவிட்சைத் தள்ளி, அனுப்புவதை நிறுத்திவிட்டுத் தேடும் நிலைக்கு மாற்றவேண்டும். அப்போது திரையில் அம்புக்குறியும் எத்தனை மீட்டர் என்கிற எண்ணும் வரும். அதைப் பிடித்துக்கொண்டே போனால் உள்ளே இருப்பவர் கிடைப்பார்.

இதையெல்லாம் இன்று நான் தூக்கத்தில்கூடச் சொல்வேன். அன்று எனக்குத் தெரிந்தது முதல் பாதி மட்டும். விளக்க வீடியோவில் 'அனுப்பும்' பகுதி முடிந்ததும் எல்லாம் புரிந்துவிட்டது என்று மூடிவைத்துவிட்டேன். அந்த அரை அறிவோடு அம்மாவிடம் போய், "இது எப்பவும் ஆன்லயே இருக்கணும்மா. கைதவறி சுவிட்சு நகந்துச்சுன்னா என்னைய யாரும் கண்டுபிடிக்க முடியாது" என்று வீர வசனம் வேறு பேசினேன். நண்பர்களோடு ஜப்பான் போவதாகத்தான் அம்மாவுக்குத் தெரியும். தேன்மொழி என்றொரு பெண் இருப்பதை நான் வீட்டில் சொல்லவில்லை. (நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று காத்திருந்தேன். எட்டு மாதமாக நல்ல நேரம் வரவில்லை.)

பயிற்சிக்கு முந்தின நாள் ஆயுத பூஜை. அப்பாவின் வேன், மிக்சி, என் லேப்டாப், தங்கச்சியின் தையல் மெஷின் எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு வரிசையில் உட்கார்ந்திருந்தன. அம்மா பீக்கனையும் கொண்டுபோய் நடுவில் வைத்தார். மகனின் உயிரைக் காக்கும் சாமான் அல்லவா, அதற்கு மட்டும் தனி மரியாதை. பெரிய பொட்டு வைத்து, மஞ்சள் தடவிய காப்புக் கயிற்றை எடுத்துச் சுவிட்சின் மேலேயே கட்டினார். அசையாமலிருக்க நாலைந்து சுற்று சுற்றி, முடிச்சின் மேல் முடிச்சாகப் போட்டார்.

"இப்ப எப்படி நகரும்னு பாக்கறேன்" என்றார். "போயிட்டுத் திரும்பி வர்ற வரைக்கும் அவுக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

எனக்கும் அது நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது.

மறுநாள் காலை கிளம்பும்போது கார் டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்க மறந்துபோனது நினைவுக்கு வந்து, அம்மா அதையும் முடித்துத்தான் விட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது பாதி வகுப்பு முடிந்திருந்தது.

இடம் ஈப்போவுக்கு வெளியே ஒரு பழைய ஈய லம்பம். ஈயம் தோண்டி எடுத்தபின் மிச்சமான மணல் அங்கே குன்று குன்றாகக் கிடக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் அசல் பனிதான், அவ்வளவு வெள்ளை. கிட்டே போனால் செருப்பு உருகும். அந்த வெயிலில் லியோங் தொப்பியோடு நின்றுகொண்டு, "இது பனி. குளிருது. எல்லாருக்கும் குளிருது" என்று கத்திக்கொண்டிருந்தார். என்னோடு பயிற்சிக்கு வந்தவர்கள் மூன்று பேர்: ஃபைசால் என்கிற லூமுட் இளைஞன், வங்கியில் வேலை செய்யும் இரண்டு அக்காமார். தேன்மொழி ஏற்கெனவே பயிற்சி பெற்றவள் என்பதால் குடை பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள்.

லியோங் ஒவ்வொருவரின் பீக்கனும் அலை அனுப்புகிறதா என்று சோதித்தார். என்னுடையது சட்டைக்குள் இருந்தபடியே பிரமாதமாக அனுப்பியது. தேடும் சோதனையை நான் வருவதற்கு முன்பே மற்றவர்களுக்கு நடத்தி முடித்திருந்தார். 'உனக்கும் பண்ணலாமா' என்று கேட்டதற்கு, "எல்லாம் தெரியும் அண்ணே" என்று சொல்லிவிட்டேன். தேன்மொழி பார்த்துக்கொண்டிருக்கும்போது தெரியாது என்று எப்படிச் சொல்வது?

பிறகு தேன்மொழியின் பீக்கனை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, நாங்கள் திரும்பி நிற்கையில் மணலுக்குள் எங்கோ புதைத்தார். "உள்ள இருக்கறது தேன்மொழி. மூச்சு முட்டுது. போங்க!" என்று விசில் ஊதினார்.

மற்ற மூவரும் சுவிட்சைத் தள்ளிவிட்டுத் திரையைப் பார்த்தார்கள். நானும் என் மெஷினைப் பார்த்தேன். சின்ன விளக்கு ஒன்று கண்ணடித்தது. அம்பும் இல்லை, எண்ணும் இல்லை. ஆனாலும் எதையோ படிப்பவன் போல் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, கம்பீரமாக மேட்டின் மேல் ஏறினேன்.

மூவரும் என் பின்னாலேயே வந்தார்கள்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பிறவித் தலைவன் ஒருவனை அடையாளம் கண்டுகொண்டார்கள் என்றே நினைத்தேன். இடது பக்கம் திரும்பினேன், அவர்களும் திரும்பினார்கள். லாலான் புதரைச் சுற்றினேன், சுற்றினார்கள். தேன்மொழியைக் காப்பாற்றும் வேகத்தில் நான் ஓட ஆரம்பித்ததும், அக்காமார் இருவரும் குத்துக் கம்பியை நீட்டிப் பிடித்தபடி என்னைத் துரத்தினார்கள். வழியே போன மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு, போலீசைக் கூப்பிடலாமா என்று யோசித்தபடி நின்றார்.

மூச்சு வாங்கி ஓரிடத்தில் நின்றேன். "சினி! சினி!" என்று கத்தியபடி ஃபைசால் என் காலடிக்குப் பாய்ந்து, இங்கேதான் என்று மணலைக் காட்டினான். அக்காமார் என் இரண்டு பாதங்களைச் சுற்றியும் கம்பியால் குத்தினார்கள். எல்லாரும் தோண்டினார்கள். எல்லாரையும்விட மும்முரமாகத் தோண்டியவன் நான். இடுப்பளவு குழிக்குள் நின்றுகொண்டு, "தேனு, வந்துட்டேன்!" என்று குரல் வேறு கொடுத்தேன். கிடைத்தது ஒற்றைக்கால் ரப்பர் செருப்பு, அதுவும் அறுந்தது.

லியோங் விசிலை ஊதினார். "யாரோ ஒரு ஆளு இன்னும் அனுப்பிக்கிட்டே இருக்கான். எல்லாரும் மெஷின காட்டு."

நான் என்னுடையதைத் தூக்கிக் காட்டினேன். சந்தனம், குங்குமம், மஞ்சள் கயிறு. லியோங் வெகுநேரம் அதையே பார்த்தார்.

"தம்பி, நாங்க இவ்வளவு நேரம் உன்னைய தோண்டிக்கிட்டு இருந்திருக்கோம்."

ஃபைசால் மணலில் படுத்துப் புரண்டு சிரித்தான். அக்காமார் குடிக்கிற தண்ணீரைத் துப்பினார்கள். தேன்மொழி மட்டும் சிரிக்கவில்லை. குடையை மடக்கிக்கொண்டு குழியருகே வந்தாள்.

"நான் செத்து ரொம்ப நேரமாச்சு" என்றாள்.

நான் பல்லால் முடிச்சைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"போன வருஷம் எனக்கு முன்னால நடந்துபோன ஒரு அக்காவ பனி இழுத்துட்டுப் போச்சு. முழுசா மூடிடுச்சு. நாங்கதான் தேடித் தோண்டி எடுத்தோம். மூஞ்சில இருந்த பனிய வழிச்சதும் அவங்க மொதல்ல இழுத்தாங்க பாருங்க ஒரு மூச்சு, அந்தச் சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. நான் வெளையாட்டுக்குக் கேக்கல."

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. மாமாக் கடையில் கேட்ட கேள்விக்கான பதில் அவள் முகத்தில் தயாராகிக்கொண்டிருப்பது போலவும், அது நான் விரும்பிய பதில் இல்லை என்பது போலவும் தோன்றியது.

லியோங் பேனாக்கத்தியை நீட்டினார். நான் வாங்கினேன். கயிற்றில் வைத்தேன். அறுக்கக் கை வரவில்லை. 'அவுக்கக் கூடாது' என்று அம்மா சொன்னது மண்டைக்குள் ஓடியது.

"அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்" என்றேன். (முப்பதைத் தாண்டியிருந்தேன். வருமான வரி கட்டிக்கொண்டிருந்தேன்.)

கையெல்லாம் மணல், அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டேன். அதுதான் அன்றைய இரண்டாவது விபத்து.

"என்னடா, கயித்த அவுத்துட்டியா?"

"இல்லம்மா, அதுக்குத்தான் போன் பண்ணேன். சுவிட்ச மாத்தினாத்தான் தேன்மொழிய தேட முடியுமாம்."

"தேன்மொழி யாரு?"

குழியைச் சுற்றி நின்ற எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "வீட்ல இன்னும் சொல்லலையா?" என்று தேன்மொழி மெதுவாகக் கேட்டாள்.

"அது வந்தும்மா, நான் கட்டிக்கலாம்னு இருக்கற பொண்ணு. அவளத்தான் மண்ணுக்குள்ளேருந்து எடுக்கணும். அவள இல்ல, அவ மெஷின, ஆனா அவள மாதிரி நெனச்சு..."

"டேய்! மண்ணுக்குள்ள ஒரு புள்ள கெடக்கும்போது என்கிட்ட பெர்மிஷன் கேட்டுக்கிட்டு நிக்கிறியே, ஒனக்கு மூளை இருக்கா? கயிறு நாளைக்கு வேற கட்டிக்கலாம். அறுத்துப் போட்டுட்டு மொதல்ல அவள எடு!"

"அம்மா சரியா சொல்றாங்க" என்றார் லியோங்.

அறுத்தேன். சுவிட்சைத் தள்ளினேன். திரையில் அம்புக்குறி வந்தது. என் வாழ்க்கையில் எந்தப் பரீட்சை முடிவையும் அப்படி உற்றுப் பார்த்ததில்லை. எண் குறையக் குறைய நடையைக் குறைத்தேன். லியோங் சொல்லச்சொல்ல மெஷினை மணலோடு மணலாகத் தாழ்த்தி முன்னும் பின்னும் நகர்த்தினேன். எண் ஆகக் குறைந்த இடத்திலிருந்து கம்பியால் சுற்றிச் சுற்றிக் குத்திப் பார்த்தேன். ஓரிடத்தில் கம்பி டொக்கென்று முட்டியது. கம்பியை அப்படியே விட்டுவிட்டு, சரிவின் கீழ்ப்பக்கமிருந்து நாலு பேரும் தோண்டினோம். டப்பா வந்தது. திறக்குமுன் மூடியிலிருந்த மணலை, முகத்தைத் துடைப்பது போல் மெல்ல வழித்தேன். உள்ளே இருந்தது ஒரு மெஷின்தான் என்று தெரியும், ஆனாலும் வழித்தேன்.

தேன்மொழி என் கையைப் பார்த்தாள். "இன்னொரு தடவ" என்றாள்.

மத்தியானம் வரை இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று தேடினோம். நடுவில் என் போன் அடித்தது. அவளே எடுத்தாள்.

"எடுத்துட்டானா?" என்றார் அம்மா.

"எடுத்துட்டாரும்மா."

"நீ யாரும்மா?"

"மண்ணுக்குள்ள இருந்த பொண்ணு."

"அடி ஒண்ணும் படலையே? சரி, அவனையும் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வா. வெயில்ல நிக்காத."

காரில் போகும்போது தேன்மொழி ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்: "உங்கள நம்பி மலைக்கு வருவேனான்னு இன்னும் தெரியல. உங்க அம்மாவ நம்பி வீட்டுக்கு வர்றேன்."

அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளலாமா என்று நான் கேட்கவில்லை. ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். சந்தோஷத்தில் எங்கள் வீட்டுத் திருப்பத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

மலைக்கும் ஒருநாள் வந்தாள், என்னை நம்பித்தான். கல்யாணத்துக்கு அடுத்த பனிக்காலம் இருவரும் போனோம். முதல் அடி வைக்குமுன் அனுப்புகிறதா, தேடுகிறதா என்று என் மெஷினை அவளும் அவள் மெஷினை நானும் சோதித்தோம். அன்று ஒன்றுமே நடக்கவில்லை. பனியில் நடந்தோம், தும்மினேன், திரும்பி வந்தோம். எனக்கு அதைவிடப் பெரிய வெற்றி தேவைப்படவில்லை.

லியோங் இன்றும் ஒவ்வொரு வகுப்பிலும் இந்தக் கதையைச் சொல்கிறாராம். என் பெயரைச் சொல்வதில்லை, அதுவரை நல்ல மனுஷன். வீட்டில் அந்தக் கருணையெல்லாம் கிடையாது. ரிமோட், கார் சாவி, பள்ளிக்கூட சாக்ஸ், எது காணாமல் போனாலும் என் மகள் வேறெங்கும் தேடுவதில்லை. ஒட்டடைக் குச்சியை எடுத்துவந்து, "சினி! சினி!" என்று கத்திக்கொண்டு என்னைச் சுற்றி ஒவ்வொரு இடமாகக் குத்துகிறாள். பெரும்பாலும் நான் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன்.